இன்வெர்ட்டரை எரித்தது சூரியப் புயலா?

கேள்வி: கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். கடந்த ஐப்பசியில் நல்ல இடி மழை பெய்த ஓர் இரவு, எட்டு மணிக்கு இன்வெர்ட்டர் செத்துப்போனது. மாட்டிக்கொடுத்த ஏஜென்ட், "சூரியப் புயல் அடித்திருக்கிறது, வாரண்டி செல்லாது" என்கிறார். 7,500 ரூபாய்க்கு 'சூரியப் புயல் தடுப்பான்' மாட்டச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வீட்டுக்கு அப்படி ஒரு கருவி தேவையே இல்லை.

சூரியனில் வெடிக்கும் சுடரின் கதிர்கள் எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும்; ஆனால் பகல் இருக்கும் பக்கத்தை மட்டுமே தொடும். இரவு எட்டு மணிக்கு உங்கள் மாடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சுடரோடு சில சமயம் காந்தம் சுமந்த வாயு மேகமும் கிளம்பும். அது பூமியில் மோதுவதுதான் சூரியப் புயல்; வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், இரவிலும் வரும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் போனது இதனால்தான். ஆனால் அங்கே மாட்டிக்கொண்டது பல நூறு கிலோமீட்டர் நீளும் மின்தொடர் கம்பிகள்; கம்பி அவ்வளவு நீளமாக இருந்தால்தான் புயலின் தாக்கம் பெரிதாகச் சேரும். உங்கள் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இருபது மீட்டர் வயர் இருக்குமா? 2024 மே மாதம் அடித்தது இருபது ஆண்டுகளில் மிகப் பெரிய புயல். லடாக்கின் ஹான்லேயில் வானமே சிவந்தது. அப்படிப்பட்ட புயலுக்கும் வீட்டு இன்வெர்ட்டரை எரிக்கும் சக்தி கிடையாது.

ஏஜென்ட்டிடம் ஒன்று கேளுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் புயல்? எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் சுடர்களை நிமிடக் கணக்கில் பதிகின்றன. ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வு மையம் பூமியின் காந்தம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் கேபி என்ற எண்ணை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. இரண்டும் இலவசம். கேபி ஐந்துக்குக் கீழே என்றால் புயலே இல்லை, அவ்வளவுதான்.

"அடுத்த செவ்வாய் மாலை நாலு மணிக்குப் புயல்" என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீர்கள். மேகத்தின் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அடியின் பலம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இந்தியாவின் ஆதித்யா எல்-1 போன்ற விண்கலங்களை மேகம் தொட்ட பிறகுதான் அது உறுதியாகத் தெரியும். அதற்குப் பிறகு கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

வானத்தால் கருவி தடுமாறும் ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊரில் டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ் கருவி வைத்து நிலம் அளப்பவர்கள் இருந்தால் அவர்களிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. அதனால் பொழுது சாய்ந்ததும் நம் தலைக்கு மேலே அயனி மண்டலம் என்ற மின்னூட்டமுள்ள உயர் காற்றடுக்கில் குமிழிகள் கிளம்பி ஜிபிஎஸ் அலைகளைக் கலைக்கும். பங்குனியிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் இது அதிகம். ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை அளவு தடுமாறும். புயலே இல்லாத நாளிலும் தடுமாறும்! கருவி பழுது என்று சொல்லி அதை விற்கவும் வேண்டாம், சர்க்யூட் பலகை மாற்றவும் வேண்டாம். காலையில் அளந்தால் போதும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் மீனவருக்கு உடனே புரிகிறது. சூரியப் புயலுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை படிநிலை இருக்கிறது. கொடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் பார்த்துவரும் நாடு இது; ஒரு வரித் தமிழ் அறிவிப்பு ஊர் வந்து சேர வேண்டாமா? அது வராத இடைவெளியில்தான் இந்த ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

சரி, உங்கள் இன்வெர்ட்டருக்கு வருவோம். இடி மழையில் போயிருப்பதால் என் சந்தேகம் மின்னல் மீதுதான். பேனல் வயர் வந்து சேரும் டிசி பெட்டியைத் திறக்கச் சொல்லி, மின்னலால் வரும் திடீர் மின்அடியைத் தாங்கும் சர்ஜ் தடுப்பானின் சின்ன ஜன்னலைப் பாருங்கள். பச்சை மாறிச் சிவப்பாகியிருந்தால் அது அடி வாங்கியிருக்கிறது. ஜன்னலே இல்லை, தடுப்பானே மாட்டவில்லை என்றால் தவறு ஏஜென்ட்டுடையது. எர்த் கம்பியையும் அளக்கச் சொல்லுங்கள். பழுதின் காரணத்தை நிறுவனத்தின் சர்வீஸ் ஆளிடமே எழுத்தில் வாங்குங்கள், ஏஜென்ட் வாய்மொழி வேண்டாம். தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதுவரை பழைய இன்வெர்ட்டரை யாரிடமும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.