வீட்டில் வடிவமைக்கும் பல சேனல் டிஎஸ்பி போர்டு: கேள்வி பதில்

ஒலியை உள்வாங்கி, டிஜிட்டலாக வடிகட்டி, நான்கு முதல் எட்டு சேனல்களாகப் பிரித்துக் கொடுக்கும் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் செயலி) போர்டைப் பற்றிக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டியின் அளவு ஆகியவற்றுக்கு வேறு நிபுணர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: இதுதான் என் முதல் வடிவமைப்பு. இருவழி ஸ்டீரியோ (ஒவ்வொரு பக்கமும் உயர் ஒலிக்கு ட்வீட்டர், தாழ் ஒலிக்கு வூஃபர்), அதாவது நான்கு வெளியீடுகள் வேண்டும். எந்த சிப்பை எடுக்கலாம்?

ஏடிஏயூ 1701. இரண்டு ஏடிசி (அனலாக்கை டிஜிட்டலாக்குவது), நான்கு டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஆக்குவது) அதற்குள்ளேயே இருக்கின்றன. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும்போது, ஒரு சாம்பிளுக்கு (ஓர் அளவீட்டுக்கு) 1024 கட்டளைகள் கிடைக்கும். நான்கு சேனலுக்கான கிராஸ்ஓவரும் (ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் வடிகட்டி) ஈக்வலைசரும் அதில் தாராளமாக அடங்கும். அதன் ஏடிசி மின்னோட்டத்தை வாங்கும் வகை. ஆகவே 2 வோல்ட் ஆர்எம்எஸ் உள்ளீட்டுக்கு 18 கிலோ ஓம் மின்தடையைத் தொடராகப் போட வேண்டும். வெளியீடு அதிகபட்சம் 0.9 வோல்ட் ஆர்எம்எஸ்தான் என்பதையும் ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபையருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் கட்டாயம். நிரல் ஏறாத நொடியில் முழு பேஸ் ஒலியும் ட்வீட்டருக்குப் போகலாம். 8 ஓம் ட்வீட்டருக்கு 33 மைக்ரோஃபாரட் போட்டால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸ். உங்கள் கிராஸ்ஓவர் 2500 ஹெர்ட்ஸில் இருந்தால் அதன் பாதிப்பு சிறிதுதான். கெப்பாசிட்டர் இருக்கும் நிலையிலேயே ஸ்பீக்கரை அளந்து டியூன் செய்தால் அந்தச் சிறிதும் கணக்கில் வந்துவிடும்.

கேள்வி: என்னிடம் நான்கு ஸ்டீரியோ டிஏசி மாட்யூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தனி ஆசிலேட்டர் உண்டு. இவற்றைச் சேர்த்து எட்டு சேனல் ஆக்க முடியுமா?

அந்த ஆசிலேட்டர்களைக் கழற்றினால் முடியும். பல சேனல் போர்டின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிப்புகளுக்கு இடையே ஒலித் தரவைக் கடத்தும் 48 கிலோஹெர்ட்ஸ் ஐ2எஸ் இணைப்பில் பிட் க்ளாக் (ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு துடிப்பு) வழக்கமாக 3.072 மெகாஹெர்ட்ஸ். டிஏசிக்குத் தேவையான மாஸ்டர் க்ளாக் அதன் நான்கு மடங்கு, அதாவது 12.288 மெகாஹெர்ட்ஸ். இவை ஒரே மூலத்திலிருந்து பிறக்க வேண்டும். மாட்யூல் தன் சொந்த ஆசிலேட்டரிலும் டிஎஸ்பி தன் சொந்தக் கிரிஸ்டலிலும் ஓடினால், எண் ஒன்றாக இருந்தாலும் அவை மெல்ல விலகிக்கொண்டே போகும். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் இருந்தால் நொடிக்கு 2.4 சாம்பிள் நழுவும். அது சொடுக்குச் சத்தமாகக் காதில் விழும், அல்லது டிஏசி பூட்டு இழந்து மௌனமாகிவிடும்.

சத்தம் வராமல் தப்பித்தாலும், சேனல்களுக்கு இடையே ஒரு சாம்பிள் தள்ளிப்போவது சிறிய விஷயம் அல்ல. ஒரு சாம்பிள் என்பது 20.8 மைக்ரோ நொடி. அதற்குள் ஒலி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகர்கிறது. 2500 ஹெர்ட்ஸில் அது 19 டிகிரி ஃபேஸ் வித்தியாசம். ட்வீட்டரையும் வூஃபரையும் கவனமாக இணைத்த உழைப்பு அங்கே வீணாகிறது.

ஆகவே ஒரே 12.288 மெகாஹெர்ட்ஸ் மூலத்தை எல்லாவற்றுக்கும் பகிர்ந்து கொடுங்கள். பகிரும் ஒவ்வொரு கிளைக்கும், மூலத்தின் கால் (பின்) அருகே 22 முதல் 33 ஓம் வரை ஒரு மின்தடை வையுங்கள். மாஸ்டர் க்ளாக் கம்பியே வேண்டாம் என்றால் பிசிஎம்5102ஏ போன்ற டிஏசி பொருந்தும். பிட் க்ளாக்கிலிருந்தே தனக்கு வேண்டியதை அது உருவாக்கிக்கொள்ளும். புதிதாக வாங்குவதாக இருந்தால் எட்டு சேனல் டிஏசி ஒன்றையே வாங்குங்கள். நேரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிடிஎம் முறையில் எட்டு சேனலும் ஒரே தரவுக் கம்பியில் வந்துவிடும்.

கேள்வி: எட்டு சேனலுக்கு எந்த சிப் நல்லது?

ஏடிஏயூ 1452, உடன் ஏகே4458 போன்ற எட்டு சேனல் டிஏசி. அனலாக் உள்ளீடும் வேண்டுமென்றால் சிஎஸ்42448: ஆறு உள்ளே, எட்டு வெளியே.

கேள்வி: டிவியின் ஆப்டிகல் வெளியீட்டை இணைக்க வேண்டும். டிவியின் க்ளாக் வேறு ஆயிற்றே?

சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். சாம்பிள் வீதத்தை மாற்றித் தரும் ஏஎஸ்ஆர்சி நடுவே வேண்டும். 1452-க்குள் எட்டு ஸ்டீரியோ ஏஎஸ்ஆர்சிகளும் எஸ்பிடிஐஎஃப் (ஆப்டிகல் வழி வரும் டிஜிட்டல் ஒலி வடிவம்) ரிசீவரும் இருக்கின்றன. டிவி எந்த வீதத்தில் அனுப்பினாலும் உங்கள் போர்டு தன் கிரிஸ்டலிலேயே ஓடும். டிவியின் அமைப்பில் வெளியீட்டை பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: எச்டிஎம்ஐயிலிருந்து நேரடியாக எட்டு சேனலையும் எடுக்க முடியுமா?

அது உரிமமும் மறையாக்கமும் சூழ்ந்த துறை. இங்கே பதில் தேடாதீர்கள்.

கேள்வி: அனலாக் கிரவுண்டையும் டிஜிட்டல் கிரவுண்டையும் பிரித்து, ஒரே புள்ளியில் இணைப்பதாக இருக்கிறேன். சரிதானே?

பிரிக்காதீர்கள். நான்கு அடுக்கு போர்டு எடுத்து, இரண்டாம் அடுக்கு முழுவதையும் ஒரே கிரவுண்டாக விடுங்கள்.

கேள்வி (வேறொருவர்): இதை ஏற்க முடியவில்லை. டேட்டாஷீட்டிலேயே அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று கால்கள் தனித்தனியாக இருக்கின்றனவே?

அந்தப் பெயர்கள் கால்கள் சிப்புக்குள்ளே எந்தப் பகுதியோடு இணைந்திருக்கின்றன என்பதைத்தான் சொல்கின்றன. சிப்புக்குள் பொதுவான பாதையைத் தவிர்க்கவே அவை பிரிந்திருக்கின்றன. வெளியே இரண்டையும் ஒரே தளத்தில், மிகக் குறுகிய தூரத்தில் இறக்க வேண்டும்.

மின்னோட்டம் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். 12 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் ஒரு தடத்தில் போனால், அதன் திரும்பு மின்னோட்டம் அந்தத் தடத்துக்கு நேர் கீழே, கிரவுண்ட் தளத்தில் ஒட்டியபடியே வரும். இண்டக்டன்ஸ் மிகக் குறைந்த பாதை அதுதான். நடுவே வெட்டு இருந்தால் அது வெட்டைச் சுற்றிக்கொண்டு, உங்கள் ஒற்றை இணைப்புப் புள்ளி வழியாக வர வேண்டும். அப்போது உருவாகும் பெரிய வளையம் ஓர் ஆன்டெனா. அதற்குள் அகப்படுவது உங்கள் அனலாக் பகுதி.

கேள்வி (மூன்றாமவர்): நான் பிரித்துத்தான் செய்தேன். இரைச்சல் துளியும் இல்லை.

நம்புகிறேன். உங்கள் தடங்கள் எதுவும் வெட்டின் மேல் தாண்டாமல் போயிருக்கும். அப்படியென்றால் வெட்டே இல்லாதிருந்தாலும் அந்த மின்னோட்டங்கள் அதே இடங்களில்தான் ஓடியிருக்கும். உங்களைக் காப்பாற்றியது பாகங்களை அடுக்கிய ஒழுங்கு.

கேள்வி (முன்னவர்): அப்படியானால் 50 ஹெர்ட்ஸ் ஹம் (மின்வழங்கலிலிருந்து வரும் ரீங்காரம்)? குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் தளம் முழுக்கப் பரவும் அல்லவா?

பரவும், நல்ல வாதம். அதனால்தான் மின்சாரம் நுழையும் இடத்துக்கும் டிஜிட்டல் பகுதிக்கும் நடுவே ஏடிசி இருக்கக் கூடாது. இருந்தால் டிஜிட்டல் பகுதியின் மின்னோட்டம் ஏடிசிக்கு அடியில் ஓடும். மின்சாரம், டிஜிட்டல், அனலாக் என்று வரிசையாக அடுக்கினால் இது தீர்ந்துவிடுகிறது. பெரும்பாலும் ஹம் பிறப்பது போர்டில் அல்ல, இரண்டு கருவிகளின் எர்த் கேபிள் வழியாக வளையமாகும்போதுதான். தளத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் அது போகாது. இரு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் பேலன்ஸ்டு உள்ளீடு வைத்தால் போகும்.

கேள்வி: 192 கிலோஹெர்ட்ஸில் ஓட்டலாமா?

வேண்டாம். 1452-இல் சாம்பிளுக்கு 6144 கட்டளைகள் இருந்தது 1536 ஆகிவிடும். வீதம் ஏற ஏற, 30 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் வடிகட்டிகளின் குணகங்களுக்கு இன்னும் நுண்மை தேவைப்படும். 48 போதும்.

கேள்வி: எந்த சிப் வாங்கலாம் என்று சொல்லுங்கள் ஐயா.

மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன. படித்துவிட்டு, எத்தனை சேனல், என்ன உள்ளீடு என்று சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: 1024 டேப் (குணகம்) கொண்ட எஃப்ஐஆர் வடிகட்டி வைத்து அறையின் பேஸைச் சரிசெய்ய முடியுமா?

முடியாது. 48,000-ஐ 1024-ஆல் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். அதைவிட நுணுக்கமாக அந்த வடிகட்டியால் பிரித்தறிய இயலாது. லீனியர் ஃபேஸாக (எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவு தாமதமாகும்படி) வைத்தால் 10.7 மில்லி நொடி தாமதமும் சேரும். பேஸுக்கு, சில குணகங்களே கொண்ட பைக்வாட் வடிகட்டிகளையே பயன்படுத்துங்கள். எஃப்ஐஆர் மேல் அதிர்வெண்களில் தன் வேலையை அழகாகச் செய்யும்.

கேள்வி: பவர் போடும்போது "டொப்" என்று சத்தம் வருகிறது.

டிஏசியின் மியூட் காலை மின்தடை மூலம் மௌன நிலையிலேயே கட்டிவையுங்கள். மின்னழுத்தங்கள் நிலைத்து, நிரல் ஏறி, க்ளாக் பூட்டிய பிறகே மைக்ரோகன்ட்ரோலர் அதை விடுவிக்கட்டும். அணைக்கும்போது மியூட் முதலில் விழ வேண்டும். ட்வீட்டருக்குக் கெப்பாசிட்டர் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் இதைச் சரிசெய்யும் வரை ட்வீட்டரைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: 1701-இல் கிரவுண்டைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். எந்த சிப்பிலும் வேண்டாம்.

கேள்வி: போர்டு தயாராகி வந்துவிட்டது. எதை முதலில் சோதிப்பது?

மின்வழங்கிப் பகுதியை மட்டும் முதலில் பற்றவைத்து (சால்டர் செய்து) மின்னழுத்தங்களை அளங்கள். பிறகு மற்ற பாகங்களைப் பற்றவைத்து, மாஸ்டர் க்ளாக்கையும் பிட் க்ளாக்கையும் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். விளிம்புகளில் துள்ளல் இருந்தால் தொடர் மின்தடையை மாற்றுங்கள். அடுத்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஒரு சேனலில் மட்டும். கடைசியாக எல்லாச் சேனலுக்கும் ஒரே துடிப்பை அனுப்பி, ஆசிலோஸ்கோப்பின் ஒரு முனையை முதல் சேனலில் நிலையாக வைத்து, மறுமுனையால் மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு சாம்பிள் விலகல் தெரிந்தாலும் க்ளாக் பகிர்வுக்கும் டிடிஎம் அமைப்புக்கும் திரும்பிப் போங்கள். நிரலில் தாமதம் சேர்த்து அதை மூடிமறைக்காதீர்கள்.