ஸ்டென்ட் வைத்தவருக்கு மரபணுப் பரிசோதனை அவசியமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. மாரடைப்பு வந்து, நான்கு மாதங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் தினமும் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோலும் உண்டு. குளோபிடோக்ரெல் எல்லோருக்கும் வேலை செய்யாது என்றும், யாருக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதை உமிழ்நீரில் செய்யும் மரபணுப் பரிசோதனையே சொல்லிவிடும் என்றும் ஒரு விளம்பரத்தில் பார்த்தோம். அப்பா பயந்துபோய், பரிசோதனை முடிவு வரும்வரை அந்த மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நிறுத்தவே கூடாது. இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட விட வேண்டாம். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் பொருத்தப்படும் உலோக வலை. அதன்மேல் குழாயின் உட்சவ்வு வளர்ந்து மூடும்வரை ரத்தத் தட்டணுக்கள் அங்கே திரண்டு அடைப்பை உண்டாக்கும் அபாயம் இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் இந்த இரண்டு மாத்திரைகளும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, மாத்திரைகளை உரிய காலத்துக்கு முன்பே நிறுத்துவதுதான்.

விளம்பரம் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. குளோபிடோக்ரெல் நாம் விழுங்கும் வடிவில் எந்த வேலையும் செய்யாது. அதில் ஏறக்குறைய 85 சதவீதம் பயனின்றிச் சிதைந்துவிட, எஞ்சிய சிறு பகுதியைக் கல்லீரல் நொதிகள் செயல்படும் மருந்தாக மாற்றுகின்றன. அவற்றில் முக்கியமானது சிஒய்பி2சி19 என்ற நொதி. அந்த நொதிக்கான மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் பெறுகிறோம். இரண்டுமே செயலிழந்த வகையாக அமைந்தவர்களிடம் மருந்து போதிய அளவில் உருவாவதில்லை என்பதால், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-இல் இந்த மருந்தின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. ஒரு பிரதியேனும் செயலிழந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்குச் சுமார் 30 பேர். கிழக்காசியரில் பாதிக்கும் மேற்பட்டோர்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மரபணு அல்ல, ஒமெப்ரசோல். அது தடுப்பதும் இதே சிஒய்பி2சி19 நொதியைத்தான். பிறவியிலேயே நன்றாக இயங்கும் நொதியைக்கூட அது மந்தப்படுத்திவிடும். இதனால் மாரடைப்பு உண்மையிலேயே கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. ஆயினும் ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டையும் குளோபிடோக்ரெல்லுடன் சேர்க்க வேண்டாம் என்று அதே விவரக்குறிப்பு அறிவுறுத்துகிறது. இந்த நொதியை அவ்வளவாகத் தொடாத பான்டோப்ரசோல் இருக்கும்போது, அந்த ஐயத்தைச் சுமந்துகொண்டிருக்கத் தேவையில்லை. அமில மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவைத் தடுப்பதே அதுதான். மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உமிழ்நீரை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட இது முதலில் நடக்க வேண்டிய காரியம்.

இனி பரிசோதனைக்கு வருவோம். எந்தப் பரிசோதனையானாலும், அதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. இங்கே மாறக்கூடும். அறிக்கையில் *1/*1 என்றிருந்தால் இரண்டு பிரதிகளும் இயல்பானவை. இப்போதைய மருந்தே தொடரலாம். *2/*2 அல்லது *2/*3 என்றிருந்தால் இரண்டுமே செயலிழந்தவை. அப்போது பிராசுக்ரெல், டிகாக்ரெலார் போன்ற மாற்று மருந்தை இதய மருத்துவர் யோசிப்பார். *1/*2 என்பது ஒரு பிரதி மட்டும் செயலிழந்த இடைநிலை. அங்கே முடிவு அடைப்பின் தன்மை, சர்க்கரை நோய், ரத்தக்கசிவு வரலாறு போன்ற பலவற்றைப் பொறுத்தது. மாற்று மருந்துகளும் சும்மா கிடைப்பவை அல்ல. இரண்டிலுமே ரத்தக்கசிவு குளோபிடோக்ரெல்லைவிடக் கூடுதல். முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிராசுக்ரெல் தரக் கூடாது. டிகாக்ரெலார் நாளுக்கு இரு வேளை, சிலருக்கு மூச்சுத்திணறலும் வரும்.

மரபணுவைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதால் எவ்வளவு நன்மை என்பதற்கு ஆதாரம் இன்னும் கலவையாகவே இருக்கிறது. 2019-இல் வெளியான பாப்புலர் ஜெனெடிக்ஸ் ஆய்வில், செயலிழந்த பிரதி இல்லாதவர்களுக்கு அந்த மாற்று மருந்துகளுக்குப் பதில் குளோபிடோக்ரெல் கொடுத்தபோது ரத்தக்கசிவு குறைந்தது, அடைப்பு கூடவில்லை. 2020-இல் வெளியான டெய்லர்-பிசிஐ ஆய்விலோ, மரபணு வழி சிகிச்சை பெற்றவர்களிடம் பாதிப்புகள் குறைவாகத் தெரிந்தாலும், அதைத் தற்செயல் அல்ல என்று சொல்லும் அளவுக்கு வேறுபாடு தேறவில்லை. ஸ்டென்டுக்குள் உறைவு பெரும்பாலும் முதல் மாதத்தில்தான் நிகழ்கிறது. உங்கள் தந்தை அந்தக் கட்டத்தை இதே மருந்தோடு கடந்துவிட்டார். ஆகவே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் மீண்டும் அடைப்பு வந்தாலோ, சிக்கலான இடத்தில் ஸ்டென்ட் இருந்தாலோ இப்பரிசோதனை மிகவும் உதவும். மற்றபடி அவசரம் இல்லை.

செய்வதென்று முடிவெடுத்தால், ஒன்றைக் கவனியுங்கள். இத்தகைய அறிக்கைகள் பல பக்கம் நீளும். வலிப்பு மருந்தான கார்பமசெபினால் வரும் கடும் தோல் எதிர்வினையை முன்கூட்டியே காட்டும் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை போன்ற சில வரிகளுக்கு உறுதியான அறிவியல் அடிப்படை உண்டு. எந்த வைட்டமின் வேண்டும், எந்த உடற்பயிற்சி பொருந்தும் என்று அச்சிடப்படும் பக்கங்களை நான் படிப்பதில்லை. மரபணு மாறாது என்பதால் அறிக்கையைப் பத்திரப்படுத்தி, புதிய மருந்து எழுதும் ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

அடுத்த முறை செல்லும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். பல் பிடுங்குவதற்காகவோ சிறு அறுவைக்காகவோ குளோபிடோக்ரெல்லை நிறுத்தச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்ட பிறகே நிறுத்த வேண்டும். நெஞ்சுவலியோ, கருநிற மலமோ கண்டால் சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.