வாசகர் கேள்வி – பதில்: பெண் பேராயர்கள்

2012-ல் இங்கிலாந்து திருச்சபையில் பெரும்பாலோர் ஆதரித்தும் பெண் பேராயர் சட்டம் தோற்றது எப்படி?
– வாசகி, பாளையங்கோட்டை

அங்கே சட்டம் இயற்றும் மன்றமான பொது சினாடில் பேராயர் (பிஷப்), குருமார், சபையார் என்று மூன்று அவைகள். இப்படிப்பட்ட சட்டத்துக்கு ஒவ்வொரு அவையிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2012 நவம்பர் 20 அன்று பேராயர் அவையில் 44–3, குருமார் அவையில் 148–45 என்று தேறியது. சபையார் அவையில் 132–74. தேவை 138, ஆறு வாக்கு குறைந்துவிட்டது. மூன்றையும் கூட்டினால் 324–122, அதாவது 72 சதவீதத்துக்கும் மேல். ஆனால் கூட்டுக்கணக்கு அங்கே செல்லாது.

எதிர்த்து வாக்களித்த எல்லோரும் பெண்களுக்கு எதிரானவர்கள் அல்ல. மனசாட்சிப்படி ஏற்க முடியாத சபைகளுக்குப் பாதுகாப்பு போதாது என்று கருதியவர்களும் அவர்களில் உண்டு. சிக்கல் ஒரே உட்பிரிவில் இருந்தது. அத்தகைய சபைக்கு அனுப்பும் ஆண் பேராயரை எந்த அடிப்படையில் தேர்வது? மே மாதத்தில் பேராயர்கள் அதைத் திருத்தினார்கள். பெண் குருமார் மனம் புண்பட்டார்கள். செப்டம்பரில் மறுபடி மாற்றினார்கள். எதிர்த்தரப்புக்கு அது போதவில்லை.

அடுத்த முயற்சியில் சட்டத்தைச் சுருக்கி, பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பேராயர் அவையின் தனி அறிக்கைக்கு மாற்றி, புகார்களை விசாரிக்கச் சார்பற்ற ஆய்வாளர் ஒருவரையும் வைத்தார்கள். 2014 ஜூலை 14 அன்று சபையார் அவையிலும் 152–45 என்று தேறியது. 2015 ஜனவரி 26 அன்று யார்க் பேராலயத்தில் லிபி லேன் ஸ்டாக்போர்ட் துணைப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

பெண் பேராயர் வேண்டாம் என்று ஒரு சபை இன்றும் சொல்லலாமா?
– வாசகர், நாகர்கோவில்

சொல்லலாம், ஆனால் காரணம் இறையியல் நம்பிக்கையாக இருக்க வேண்டும். சபை நிர்வாக மன்றம் குறைந்தது நான்கு வாரம் முன்னறிவிப்புத் தந்து கூட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வந்திருந்தால், வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். அவ்வளவு பேர் வராவிட்டால் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். பிறகு தீர்மான நகலைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும்.

நம்பிக்கை எத்தகையது என்று விளக்காமல் விட்டால், அந்தச் சபைக்குப் பொருந்தாத ஆண் பேராயரை அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. இங்கிலாந்து திருச்சபைக்குள்ளேயே கத்தோலிக்கச் சாய்வுள்ளவர்களின் கவலை திருவருட்சாதனங்கள் பற்றியது: பெண் பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தவர் ஆணாக இருந்தாலும், அவர் நடத்தும் நற்கருணை செல்லுமா என்று தயங்குவார்கள். சுவிசேஷச் சாய்வுள்ளவர்கள் ‘ஆணே தலை’ என்ற பவுலின் சொற்களிலிருந்து வாதிடுவார்கள். இருவருக்கும் ஒரே பேராயர் பொருந்த மாட்டார்.

தீர்மானம் போட்டாலும் மறைமாவட்டப் பேராயரின் சட்ட அதிகாரம் அப்படியே இருக்கும். அவர் பெண்ணாக இருந்தாலும் அந்தச் சபையின் குரு அவருக்கே கீழ்ப்படிதல் உறுதிமொழி எடுக்க வேண்டும். முழுப் பிளவைத் தவிர்த்த ஏற்பாடுதான் இது. ஆனாலும் இதன் சுமையைப் பெண் பேராயர்களே சுமக்கிறார்கள். தம் பணியை ஏற்காத சபைகளுக்கும் பொறுப்பாளராக இருப்பது லேசான காரியம் அல்ல.

நம் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்)?
– வாசகி, மதுரை

இங்கிலாந்தை முந்திக்கொண்டோம். 2013 செப்டம்பர் 30 அன்று புஷ்பா லலிதா ஆந்திராவின் நந்தியால் மறைமாவட்டப் பேராயரானார். இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பதவியான காண்டர்பரி பேராயராக சாரா முல்லாலியை அறிவித்தது 2025 அக்டோபரில்தான். அந்தப் பதவிக்கு மற்ற நாட்டுத் திருச்சபைகள் மேல் சட்ட அதிகாரம் கிடையாது; பெண்களைப் பேராயராக்குவதா என்பதை ஒவ்வொரு திருச்சபையும் தன் சினாடிலேயே முடிவு செய்கிறது.