மனைக்கு அட்வான்ஸா, மெடிக்கல் பாலிசியா?

கேள்வி: டிவி காமெடி ஷோ, மேடை மிமிக்ரி என்று பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். வயது 41, சுகர் உண்டு. இப்போது சேனல் வாய்ப்பு குறைந்துவிட்டது. ஷோ இருந்தால் மாதம் ஒரு லட்சம் வரும், இல்லாவிட்டால் பூஜ்யம். வீட்டுச் செலவு 45,000. கையில் 7 லட்சம் இருக்கிறது, மெடிக்கல் பாலிசி இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள். செங்கல்பட்டு பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: இப்போது வேண்டாம் சார். உங்கள் துறையிலேயே பாருங்கள். 'கலக்கப் போவது யாரு', 'அது இது எது' என்று வீடுவீடாகத் தெரிந்த முகம் வடிவேல் பாலாஜி. 2020 செப்டம்பரில், 45 வயதில் இறந்துபோய்விட்டார். கொரோனாவால் மேடைகளே இல்லாத நேரம். தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காமல் அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அவசர நேரத்தில் மனையை விற்றுக் காசாக்க முடியாது.

முதலில் பாலிசி. உங்களுக்குத் தனியாக ஒன்று, மனைவி பிள்ளைகளுக்கு ஃப்ளோட்டர், அதாவது ஒரே காப்பீட்டுத் தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பாலிசி ஒன்று. சுகர் காரணமாக உங்கள் பிரீமியம் ஏறினாலும் அவர்களுடையது ஏறாது. 2025 செப்டம்பர் 22 முதல் இப்படி நீங்களே எடுக்கும் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டை நம்ப வேண்டாம், ஆண்டு வருமானம் 1.20 லட்சத்தைத் தாண்டினால் கிடைக்காது.

"சுகர் இல்லைன்னு போட்டுடலாம் சார், பிரீமியம் குறையும்" என்று ஏஜென்ட் சொல்லுவார். படிவத்தை அவரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். நாளை அட்மிட் ஆனால், எத்தனை வருடமாகச் சுகர் என்று டாக்டர் கேட்பார்; நீங்கள் சொல்லும் பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிடும். கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். உண்மையைச் சொன்னால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 வருடக் காத்திருப்பு, அவ்வளவுதான். அதுவரை சுகர் சம்பந்தப்பட்ட செலவு உங்கள் கைக்காசு. அதற்கு 1.5 லட்சம் தனியே வையுங்கள்.

அடுத்து, எட்டு மாத வீட்டுச் செலவு 3.6 லட்சத்தை வங்கி எஃப்டியில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி மேடை எவ்வளவு கிடைக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மிச்சத்தில் பிரீமியமும், பிள்ளைகளுக்காக ஒரு டேர்ம் பாலிசியும் (நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு).

இன்னொன்று. சேனல் தரும் பணத்தில் 10% டிடிஎஸ், அதாவது வரியை முன்கூட்டியே பிடித்திருப்பார்கள், வருமான வரி இணையதளத்தில் அந்தக் கணக்கைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. ரிட்டர்ன் போட்டால் பிடித்தது திரும்ப வரும். பிரீமியத்தில் பெரும் பகுதி அதிலேயே தேறிவிடலாம்.