படகுக் கணக்குல எப்ப கூட்டுறது, எப்ப கழிக்கிறது?

கேள்வி கேட்ட அக்கா எழுதியிருந்தது இதுதான்: மகள் ஓ/எல் (11ம் ஆண்டு முடிவுல வாற சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப் போறா, படகு நீரோட்டத்தோட போய் எதிர்த்து வாற கணக்கு வந்தா கூட்டுறதா கழிக்கிறதா எண்டு மாத்தி மாத்திப் போடுறா, அட்சரகணிதத்துல இத எப்பிடி விளங்கப்படுத்துறது எண்டு. நான் மட்டக்களப்புல 10ம், 11ம் ஆண்டுப் புள்ளைகளுக்கு கணிதம் படிப்பிக்கிறன், வருசா வருசம் நல்லாச் செய்யிற புள்ளைகளும் இதுல தடுமாறுறதப் பாத்திருக்கன், அதால கொஞ்சம் நீட்டியே எழுதுறன்.

முதல்ல சூத்திரத்தக் குடுக்காதீங்க. மாரியில முகத்துவாரம், அதாவது வாவி கடலோட சேருற வாய், வெட்டி விட்டா வாவித் தண்ணி கடலுக்கு இழுக்கத் தொடங்கும், ஆத்துவாழை எண்ட தண்ணிச் செடி பத்தை பத்தையா மிதந்து போகும். சின்ன வயசுல மூத்தப்பாட தோணியில போகக்குள்ள அவர் துடுப்ப எடுத்து மடியில வெச்சாரெண்டா தோணியும் பக்கத்துல கிடக்கிற ஆத்துவாழையும் ஒண்டாவே போகும், ஒண்ட விட்டு ஒண்டு விலகாது, ஆனா கரையில நிக்கிற கண்ணா மரம் மட்டும் பின்னால போய்க்கொண்டே இருக்கும். மறுகா துடுப்புப் போடத் தொடங்கினாத்தான் ஆத்துவாழையும் பின்னுக்குப் போகும்.

கணக்கு முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு. ஆத்துவாழைய விட்டுத் தோணி விலகுற கதிதான் அசையாத் தண்ணியில படகுட கதி, அத ப எண்டு வைங்க. மரத்த விட்டு ஆத்துவாழை விலகுற கதி ஓட்டம், அது ஓ. கணக்குல தாற கிலோமீற்றர் எப்பவும் கரையில அளந்தது, அதால மரத்த விட்டுத் தோணி விலகுற கதிதான் நமக்கு வேணும், ஓட்டத்தோட போனா ப + ஓ, எதிர்த்து வந்தா ப − ஓ. நான் எக்ஸ், வை போடாம ப, ஓ எண்டுதான் போட வைக்கிறன், எழுத்தப் பாத்த உடன எது படகு எது ஓட்டம் எண்டு புள்ளைக்கு ஞாபகம் வரும்.

லேசானது: 24 கிமீ தூரம், போக 2 மணித்தியாலம், திரும்பி வர 3. அப்ப ப + ஓ = 12, ப − ஓ = 8. ஒருங்கமை சமன்பாடு, ரெண்டையும் கூட்டினா 2ப = 20, ப 10, ஓ 2. இதுல ஆருக்கும் பெரிசாப் பிரச்சினை வாறதில்ல.

பிரச்சினை வாறது மொத்த நேரம் மட்டும் தந்தாத்தான். 12 கிமீ போய்த் திரும்ப மொத்தம் 5 மணித்தியாலம், ஓட்டம் மணிக்கு 1 கிமீ, படகுட கதி என்ன? நேரம் எண்டா தூரத்தக் கதியால பிரிக்கிறது, அதால

12/(ப + 1) + 12/(ப − 1) = 5

கீழ கிடக்கிற ரெண்டாலயும் பெருக்கினா 24ப = 5(ப² − 1), அதாவது 5ப² − 24ப − 5 = 0. காரணிப்படுத்தினா (5ப + 1)(ப − 5) = 0. கதி மறைப் பெறுமானமா வராது, அதால ப = 5. கட்டாயம் திருப்பிப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க: போக 12/6 = 2, வர 12/4 = 3, மொத்தம் 5, சரி.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. கன புள்ளைகள் என்ன நினைக்கிறதெண்டா போகக்குள்ள ஓட்டம் தள்ளி விடுது, வரக்குள்ள இழுத்துப் பிடிக்குது, ரெண்டும் சரிக்குச் சரி, அப்ப ஓட்டத்த விட்டுட்டுக் கணக்குப் பாக்கலாம்தானே எண்டு. பாருங்க, முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிற காலத்துல தண்ணி ஓடாது, இதே படகு 24 கிமீய மணிக்கு 5 படி 4.8 மணித்தியாலத்துல முடிச்சிரும். ஓட்டம் இருந்தா 5. பன்னிரண்டு நிமிசம் கூட. ஏனெண்டா ஓட்டம் உதவி செய்யிறது 2 மணித்தியாலம், மறிக்கிறது 3 மணித்தியாலம். அதால 6யும் 4யும் கூட்டி ரெண்டால பிரிச்சு 5தான் சராசரிக் கதி எண்டு எழுதினா பிழை, சராசரி 24/5, அதாவது 4.8.

இன்னொண்டு, 1 மணித்தியாலம் 20 நிமிசத்த 1.20 எண்டு எழுத விடாதீங்க, அது 4/3. முறை எல்லாம் சரியாச் செய்து இதுல புள்ளி விட்ட புள்ளைகள் எத்தினையோ.

விளங்கினதா எண்டு பாக்க மகளிட்ட இதக் குடுங்க: ஓட்டத்த எதிர்த்துப் போற தோணியில இருந்து கல்லடிப் பாலத்துக்குக் கீழ வெத்துப் போத்தல் ஒண்டு விழுந்திட்டு, 20 நிமிசம் கழிச்சுத்தான் கண்டு தோணியத் திருப்பினாங்க, துடுப்புப் போடுற கதி மாறல்ல, பாலத்துல இருந்து முகத்துவாரப் பக்கம் 1 கிமீ தள்ளிப் போத்தல எடுத்தாங்க, ஓட்டம் என்ன? போத்தலும் ஆத்துவாழை மாதிரித்தான். அத விட்டு விலகினதும் ப கதியில, திரும்பிக் கிட்ட வந்ததும் அதே ப கதியில, அதால வரவும் 20 நிமிசம். 40 நிமிசத்துல போத்தல் 1 கிமீ போயிருக்கு, ஓட்டம் மணிக்கு 1.5 கிமீ. ப என்னெண்டு தெரியவே தேவையில்ல.