டியூஷன் வகுப்பில் விழுந்த அடி

வணக்கம். என் மகன் தரம் 5. கொட்டாஞ்சேனையில் ஒரு புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகிறான். முந்தாநாள் கணக்குப் பிழைத்ததற்கு சேர் பிரம்பால் காலில் அடித்து, காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார். கேட்டதற்கு "அடியாத மாடு படியாது" என்றார். மற்றத் தாய்மார் சோதினை முடியும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள். இது பாடசாலை இல்லை, முறைப்பாடு எடுபடாது என்கிறார் கணவர். வகுப்பை மாற்றினால் போதுமா?

— ஒரு தாய், கொழும்பு 13

அன்புள்ள சகோதரிக்கு,

வகுப்பை மாற்றுவது நல்லது, ஆனால் அதற்கு முன் காதைப் பாருங்கள். காதை மூடி அறை விழும்போது உள்ளே அடைபடும் காற்று செவிப்பறையைக் கிழித்துவிடலாம். வலி, இரைச்சல், நீரோ இரத்தமோ கசிவது, ஒரு பக்கம் கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் அதன் அறிகுறிகள். எதுவும் தெரியாவிட்டாலும் இன்றைக்கே காட்டுங்கள். ஒரு காது மந்தமானதைச் சொல்லப் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. எண்ணெய் விட வேண்டாம், குளிக்கும்போது தண்ணீர் போகவும் விடாதீர்கள். பொரளை லேடி ரிட்ஜ்வே போன்ற அரச வைத்தியசாலைக்குப் போனால், தேவைப்பட்டால் காயத்தை வழக்குக்காகப் பதிவுசெய்யும் சட்ட வைத்திய அதிகாரியும் பார்ப்பார். வெட்கத்தில் "விழுந்துவிட்டான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்று பதிவில் எழுதப்படுவதைப் பிறகு மாற்றுவது கடினம்.

கால் தடிப்பைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்: முழுக் கால் ஒன்று, அடிமட்டம் வைத்துக் கிட்ட ஒன்று. இரண்டு நாள் கழித்து மறுபடி எடுங்கள், கன்றல் பிந்தித்தான் தெளியும். பிரம்படி பெரும்பாலும் நடுவில் வெளிறி, இரு பக்கமும் சிவந்த இரட்டைக் கோடாகத் தெரியும். விழுந்த காயம் அப்படி இருக்காது.

பெரும்பாலான வீடுகளில் பிழைப்பது பிள்ளையிடம் பேசும் விதத்தில். "சேர் காதிலதானே அடிச்சவர்?" என்று கேட்கக் கூடாது. "என்ன நடந்தது?", "பிறகு?" இவ்வளவு போதும். அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே கொப்பியில் எழுதி, திகதியும் நேரமும் போடுங்கள். அம்மம்மாவுக்கு ஒரு தரம், மாமிக்கு ஒரு தரம் என்று திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொல்லச் சொல்ல வார்த்தை மாறும், தாய் சொல்லிக்கொடுத்தது என்று எதிர்த்தரப்பு பேசும். வாட்ஸ்அப் குழுவில் அவன் குரலோ படமோ போகவே கூடாது. "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், உங்களால் காப்பாற்ற முடியாது.

கணவர் சொல்வதில் பாதி சரி. உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலைகளுக்கானது. ஆசிரியர் அறைந்து மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது, ஆனால் அது அரச பாடசாலை ஆசிரியர் பற்றியது. உங்களுக்கு உதவுவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தாக்கும் எவருக்கும் அது பொருந்தும், டியூஷன் சேருக்கும்தான். 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டத்தில் ஆசிரியரின் தண்டிக்கும் உரிமை பற்றி வரும் வாசகத்தை அவர் தரப்பு தூக்கிப் பிடிக்கக்கூடும். அதனால்தான் காயத்தின் பதிவை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் 24 மணிநேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். இடம், நாள், அவன் சொன்னது, தெரிந்த காயம், அந்த வகுப்பில் இன்னும் எத்தனை பிள்ளைகள் என்பதைச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸுக்குப் போனால் சிறுவர், பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு யாராவது பெரியவர் சேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், மன்னிப்போடு ஒரு சமாதானக் கடிதமும் வரும். கையெழுத்து வைக்காதீர்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தவும் விடாதீர்கள், அந்த இடத்தில் அவனால் "பரவாயில்லை" என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

பொறுக்கச் சொல்லும் தாய்மாருக்கும் ஒன்று சொல்லுங்கள்: பயந்த பிள்ளை கணக்கைப் பார்க்காது, சேரின் கையைப் பார்க்கும். உங்கள் மகன் விலகிய பிறகும் அவர்கள் பிள்ளைகள் அந்த வாங்கில்தான் இருப்பார்கள். இரண்டு மூன்று பேராவது சேர்ந்து, வகுப்பறையில் பிரம்பு இருக்கக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும் என்று வகுப்பு நடத்துபவருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

புது வகுப்பிலும் காலையில் வயிற்றுவலி, இரவில் படுக்கையில் சிறுநீர் என்று சில கிழமை தொடர்ந்தால் சிறுவர் மனநல வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். அந்தக் கொப்பியையும் கொண்டுபோனால் அவன் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை.