சர்வர் லாக் கோப்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வட்டு நிறைந்துவிட்டதால் எங்கள் ஜாவா செயலியின் பெரிய லாக் கோப்பை (நடப்பவற்றை வரிவரியாகப் பதியும் கோப்பு) அழித்தேன். ஆயினும் வட்டில் நிரம்பிய அளவைச் சொல்லும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்றே காட்டுகிறது. கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையோ அதைவிட மிகக் குறைவான இடமே நிரம்பியிருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். லினக்ஸில் கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை நீக்குவது கோப்பின் பெயரை மட்டுமே. அதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) மூடும்வரை உள்ளடக்கம் வட்டில் அப்படியே இருக்கும் என்பதோடு, உங்கள் செயலி அந்தப் பெயரற்ற கோப்பில் தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும். டியூ பெயர்களைத் தேடிச் சென்று கூட்டுவதால் அதன் கண்ணுக்கு அது படாது. டிஎஃப் கோப்பு முறைமையின் கணக்கையே கேட்பதால் அதற்குத் தெரியும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்ற தெரிவுடன் இயக்கினால் எந்தப் புராசஸ் அதைப் பிடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இடம் திரும்பும். அடுத்த முறை அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். செயலி அந்தக் கோப்பை அப்பெண்ட் முறையில் (எப்போதும் கோப்பின் முடிவில் எழுதும் முறை) திறந்திருக்க வேண்டும். இல்லையெனில் அது பழைய இடத்திலிருந்தே எழுதத் தொடங்கி, கோப்பின் அளவு மீண்டும் பழையபடி பெரிதாகத் தோன்றும்.

கேள்வி: பழைய லாக்கைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும் லாக்ரொடேட் கருவி இயங்கிய பிறகு புதிய கோப்பு காலியாகவே கிடக்கிறது, பதிவுகளோ ".1" என்று பெயர் முடியும் பழைய கோப்புக்கே போகின்றன. ஏன்?

பதில்: மேலே சொன்ன அதே காரணம்தான். பெயரை மாற்றினாலும் புராசஸின் கையில் இருப்பது பழைய கோப்பே. அதை மூடிப் புதியதைத் திறக்கும்படி அதற்குச் சொல்ல வேண்டும். எஞ்சினெக்ஸ் என்ற வெப் சர்வருக்கு யுஎஸ்ஆர்1 சிக்னலை, லாக்ரொடேட் அமைப்பில் சுழற்சிக்குப் பின் இயங்கும் போஸ்ட்ரொடேட் பகுதியில் அனுப்பினால் போதும். இத்தகைய வசதி இல்லாத செயலிகளுக்கு, கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்கும் காப்பிட்ரங்கேட் என்ற தெரிவு உண்டு. ஆனால் நகலெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதப்படும் வரிகள் தொலையக்கூடும் என்பதால், பணப் பரிமாற்றப் பதிவுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பைத்தான் வெப் சர்வரான குனிகார்னின் நான்கு வொர்க்கர்களும் (இணையாக இயங்கும் புராசஸ்கள்), அளவு மிகும்போது லாக்கைச் சுழற்றும் பைத்தானின் ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லர் வழியாக ஒரே கோப்பில் எழுதலாமா?

பதில்: கூடாது. பல புராசஸ்கள் ஒரே கோப்பில் எழுதுவதை பைத்தானின் லாகிங் தொகுதி ஆதரிப்பதில்லை. ஒரு வொர்க்கர் கோப்பைச் சுழற்றிய பின்னும் மற்றவை பழையதிலேயே எழுதும். கோப்புக்குப் பதில் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் (நிரலின் வழக்கமான வெளியீட்டு வழி) எழுதிவிட்டு, சேமிப்பை லினக்ஸின் பதிவுச் சேவையான சிஸ்டம்டி ஜர்னலிடம் விடுவதே எளிது. செயலிகளைக் கன்டெய்னர்களில் இயக்கும் டாக்கரில் இதையே செய்பவர்கள் மேக்ஸ்-சைஸ் வரம்பை மறக்க வேண்டாம்: அங்கே லாக்கைச் சேமிக்கும் இயல்பான ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு அளவு வரம்பே கிடையாது.

கேள்வி: லாக்குகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

பதில்: இந்தியாவில் இயங்கும் சேவையென்றால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி 180 நாள். லாக்ரொடேட்டில் தினசரிச் சுழற்சியும் ரொடேட் 7 (ஏழு பழைய கோப்புகளை மட்டும் வைத்திரு) என்ற அமைப்பும் இருந்தால் ஒரு வாரம்தான் மிஞ்சும். ஆகவே பழைய கோப்புகளைச் சுருக்கி வேறொரு சேமிப்பகத்துக்கு நாள்தோறும் அனுப்பிவிடுங்கள். நீண்ட காலம் வைத்திருக்கும்போது உள்ளடக்கத்திலும் கவனம் வேண்டும்: கடவுச்சொற்கள் ஹேஷ் செய்யப்படும் (மூலத்தைக் காட்டாத குறியீடாக மாற்றப்படும்) முன்பே உள் லாக்கில் பதிவாகியிருந்ததை 2018 மே மாதம் கண்டறிந்த ட்விட்டர், தன் பயனர்கள் அனைவரையும் அவற்றை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. பயனர் அனுப்பும் கோரிக்கையின் உள்ளடக்கத்தை முழுமையாக லாக்கில் கொட்டும் வரி உங்கள் நிரலில் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.